வேனிலும் வீட்டுத் தோட்டமும்

பாலைக்குரிய பெரும்பொழுது வேனில் என்றும், சிறுபொழுது நண்பகல் என்றும் தொல்காப்பியம் வகுத்திருத்தலைச் சிறப்புத் தமிழ் பயிலும் யாம் வகுப்பறையில் மின்விசிறியின் கீழ் அமர்ந்து பன்முறை ஓதியிருக்கின்றோம். மலைநிலமும் காட்டுநிலமும் மழை பெறாது தம் வளங் குன்றிய காலத்துப் பாலையாக மாறும் என்பதனைத் தேர்விலும் எழுதி மதிப்பெண் பெற்றிருக்கின்றோம். ஆயினும் அப்பாலை எம் வீட்டுக் கொல்லைப்புறத்திலேயே வந்து தங்கும் என்று யாம் எண்ணியதில்லை. சென்ற கோடை விடுமுறையில் அது வந்தது. வந்து எமக்கு ஒரு பாடமும் கற்பித்தது. அதனை ஈண்டு எம் ஆசிரியப் பெருமக்கட்கும், உடன் பயிலும் நண்பர்க்கும், கல்லூரியின் பழைய மாணவர்க்கும் ஒளிவின்றிக் கூற விழைகின்றோம்.

எம் ஊர் வைகை அணையை அடுத்துள்ளது. அணையருகில் வாழ்வார்க்கு நீர்க்குறை உண்டோ என்று விடுதித் தோழர் பலகாலும் எம்மைக் கேட்டு நகைப்பர். அவர் அறிதற்பொருட்டுச் சில கூறுவோம். ஆண்டிபட்டியை அடுத்து வைகைக்குக் குறுக்கே எழுந்த இவ்வணை, காமராசர் முதலமைச்சராய் இருந்த காலத்தில், 1959 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 21 ஆம் நாள் திறக்கப்பெற்றது. அதன் உயரம் 111 அடி. நீரைத் தேக்குதற்குரிய மட்டம் 71 அடி. தேங்கிய நீர் கிழக்கு நோக்கி ஓடி மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய மாவட்டங்களின் வயல்களுக்குச் செல்லும். மதுரை மாநகரின் குடிநீருக்கும் அதுவே பெருந்துணை. அணையைச் சூழ்ந்த மேட்டு நிலங்களோ மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவிற் கிடப்பன. தென்மேற்குப் பருவக்காற்றுத் தன் மழையிற் பெரும்பகுதியை மலைக்கு அப்பாலேயே பொழிந்துவிட்டு, எம்மிடம் வெறுங்காற்றாய் வந்து சேரும். நீர் பள்ளம் நாடி ஓடுமேயன்றி மேடு நாடி ஏறாதன்றோ? ஆகலின், அணையின் நீர்ப்பரப்பைக் கண்ணாற் கண்டுகொண்டே குழாயடியிற் குடத்தோடு வரிசையில் நிற்றல் எம்மவர்க்குப் புதுமையன்று.

எம் வீட்டின் பின்புறத்தில் மூன்று சென்ட் அளவில் ஒரு தோட்டம் உண்டு. முருங்கை ஒன்று, கறிவேப்பிலை ஒன்று, வாழை நான்கு, எலுமிச்சை ஒன்று, மல்லிகைப் பந்தல் ஒன்று, கீரைப்பாத்தி இரண்டு, கத்தரியும் கொத்தவரையும் சில, தங்கை ஆசையோடு வளர்த்த ரோசாச் செடிகள் ஆறு. இவையே அதன் செல்வம். எலுமிச்சை மறைந்த எம் பாட்டனார் தம் கையால் நட்டது. தோட்டத்தின் ஆட்சி முழுதும் எங்கள் அப்பத்தாவிடம் இருந்தது.

சென்ற மே மாதத்தில் குழாய்நீர் மூன்று நாட்களுக்கு ஒருமுறை வந்தது. வந்த நாளிலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றதில்லை. ஒருநாள் பிற்பகலில் எலுமிச்சையின் இலைகள் சுருண்டு தொங்குதலைக் கண்டோம். பாட்டனாரின் நினைவு மேலிட்டது. சமையலறையில் இருந்த குடிநீர்க் குடம் ஒன்றை எடுத்துச் சென்று அதன் வேரில் முழுதும் கவிழ்த்தோம். அக்குடத்து நீரின்பொருட்டு எம் அன்னையார் அன்று காலை இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றிருந்தார் என்பதனை அப்போது எண்ணிப் பார்த்திலோம். வேலிக்கு அப்பால் எதிர்வீட்டு அக்கா நின்றுகொண்டிருந்தார். தம் முறை வருவதற்குள் குழாய் நின்றுவிட்டமையால் வெறுங் குடத்தோடு திரும்பியவர் அவர். அவர் எம்மைச் சினந்திலர். “செடி குடித்தது போக மிச்சம் இருந்தால் எங்களுக்கும் ஒரு செம்பு கொடுங்கள், தம்பி” என்று மட்டும் கூறினார். நாணத்தால் எமக்கு நிலத்தினின்றும் தலை நிமிரவில்லை. அன்னையார் செய்தி அறிந்து, வீட்டில் எஞ்சிய நீரிற் பாதியை அவருக்குக் கொடுத்தனுப்பினார். அன்றிரவு எம் வீட்டார் குடிக்கவும் சோறு பொங்கவும் மட்டுமே நீர் இருந்தது.

அந்நாணம் எம்மை மறுகோடிக்குத் தள்ளியது. மாந்தர்க்கே நீர் இல்லாத காலத்தில் மரத்துக்கு நீர் எற்றிற்கு? தோட்டம் என்பது நீர் மிக்கார்க்கு உரிய இன்பமேயன்றி வேறென்? முல்லைக்குத் தேரீந்தான் பாரி என்று புலவர் போற்றலாம். அவன் பறம்பில் வற்றாத சுனைகள் இருந்தன. எம் தெருவில் குழாய் ஒன்றேயன்றோ உள்ளது? இவ்வாறெல்லாம் எண்ணி, “மழை வரும்வரை தோட்டத்தை அப்படியே விட்டுவிடுவோம்; பட்டுப்போவது பட்டுப்போகட்டும்” என்று மறுநாட்காலை வீட்டாரிடம் கூறினோம். எம் சொல்லில் நியாயம் இருந்ததாகவே இன்றும் கருதுகின்றோம். ஆயினும் அது பாதி நியாயமே. மறுபாதியை அப்பத்தா கூறினார். “செடிக்கு ஊற்றாதே என்று நான் சொல்லவில்லை. குடத்திலிருந்து ஊற்றாதே என்றுதான் சொல்கிறேன்” என்பதே அவர் மொழி.

இச்சிறு மொழியின் பொருளை விளங்கிக்கொள்ள எமக்கு ஒரு திங்கள் ஆயிற்று. அதனை விளக்குதற்கு எம் அணையிலேயே நிகழ்ந்த ஒன்றனை நினைவுகூர்தல் தகும்.

2016 ஆம் ஆண்டில் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தினும் 62 விழுக்காடு குறைந்தது. 2017 சனவரியில் அந்நாள் இருந்த 32 மாவட்டங்களும் வறட்சியுற்றனவாக அறிவிக்கப்பெற்றன. அவ்வாண்டு ஏப்ரல் திங்களில், வைகை அணையில் எஞ்சிய நீர் ஆவியாய்ப் போகாமற் காத்தற்பொருட்டு, அமைச்சர் ஒருவர் முன்னின்று தெர்மாகோல் அட்டைகளை ஒட்டிணைத்து நீரின்மேல் மிதக்கவிட்டனர். காற்று எழுந்தது, அட்டைகள் சிறிது பொழுதிற் கரையொதுங்கின. நாடெங்கும் நகைப்பு எழுந்தது. அந்நாளிற் சிறுவராயிருந்த யாமும் உடன் நகைத்தோம். அப்பத்தா மட்டும் நகைத்திலர். “நினைப்பிற் குற்றம் இல்லை, நீர்ப்பரப்புத்தான் பெரிது” என்றார்.

ஆராய்ந்து பார்ப்பின் அவர் கூற்று உண்மையே. வெயிலும் காற்றும் தொடாதபடி நீரை மூடினால் ஆவியாதல் குறையும் என்பது இயற்பியல். அமெரிக்க நாட்டின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தார் 2015 ஆம் ஆண்டில் தம் குடிநீர்த் தேக்கம் ஒன்றன்மேல் 9 கோடியே 60 இலட்சம் கரும்பந்துகளைப் பரப்பினர். அங்கே பந்துகள் நெருங்கி நின்று நீரை மூடின. ஆயினும் அத்துணைப் பந்துகளைச் செய்தற்கே மிகுந்த நீர் செலவாயிற்று என்று பின்னர் ஆராய்ந்து கூறியோரும் உளர். பெரும்பரப்பை மூடுதல் அரிது, செலவும் மிகுதி. ஆனால் ஒரு செடியின் வேரடி எத்துணைப் பரப்பு? இரு கை அகலம். அதனை மூடுதற்கு அமைச்சர் வேண்டா, அட்டை வேண்டா, காய்ந்த வாழைச்சருகு ஒரு கூடை போதும். அணையில் தோற்ற அதே கருத்து எம் கொல்லையில் வென்றதனை யாம் கண்ணாரக் கண்டோம்.

அப்பத்தா செய்தவற்றை இனி ஒவ்வொன்றாய்க் கூறுவோம். இவற்றுள் எதுவும் அவர் புதிதாகக் கண்டதன்று. நம் மூதாட்டியர் பலரும் அறிந்ததே. அறிந்தும் நாம் மறந்தமையால் மீண்டும் கூறவேண்டுவதாயிற்று.

முதலாவது, மூடாக்கு. வாழைச்சருகு, தென்னை மட்டை, கடலைத்தோல், உதிர்ந்த வேப்பிலை ஆகியவற்றை ஒவ்வொரு செடியின் அடியிலும் நான்கு விரற்கனம் பரப்பினோம். தண்டினை ஒட்டாதவாறு சிறிது இடம் விட்டோம். ஒட்டினால் தண்டு அழுகும். மூடாத நிலம் காலையில் நனைத்தால் மாலையில் வெடித்தது. மூடிய நிலமோ மூன்றாம் நாள் விரலை நுழைத்துப் பார்த்தபோதும் ஈரமாகவே இருந்தது.

இரண்டாவது, பானை. பூச்சிடாத மண்பானையைக் கழுத்தளவு நிலத்திற் புதைத்து, நீர் நிரப்பி, மூடியிட்டு மூடினால், பானையின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து வேரை அடையும். சுற்றியுள்ள மண் காயும்போது நீர் மிகுதியாய்க் கசியும். மண் ஈரமாய் இருக்கும்போது கசிவு தானே குறையும். வேண்டுமளவே கொடுக்கும் வள்ளல் அப்பானை. சீன நாட்டில் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னர் எழுந்த வேளாண் நூலொன்று இம்முறையைக் குறித்துள்ளது. எலுமிச்சையின் இருபுறத்தும் ஒவ்வொரு பானை புதைத்தோம். மூன்று நாட்களுக்கு ஒருமுறை நிரப்புதலே போதியதாயிற்று. மூடி இடுதலை மறத்தலாகாது. மறந்தால் நீர் ஆவியாவதோடு கொசுவும் பெருகும்.

மூன்றாவது, பயன்பட்ட நீர். இதுவே தலையாயது. அரிசி களைந்த நீரும், காய் கழுவிய நீரும், பருப்பு அலசிய நீரும் முன்னெல்லாம் சாக்கடைக்குச் சென்றன. அப்பத்தா அடுக்களையில் ஒரு வாளி வைத்தார். நாள்தோறும் இரண்டு குடம் நீர் அவ்வாளியிற் சேர்ந்தது. அது பானைகளுக்கும் கறிவேப்பிலைக்கும் கொத்தவரைக்கும் ஆயிற்று. குளித்த நீர் சோப்புக் கலந்தது. அதனைச் சிறு வாய்க்கால் வழியாக வாழைக்கும் கல்வாழைக்கும் விட்டோம். அதனையும் ஓரிடத்திலேயே நாள்தோறும் விடாமல் மாற்றி மாற்றி விட்டோம்; அன்றேல் மண் இறுகிக் கெடும். கீரைக்குச் சோப்புநீர் விடுதல் தகாது. வெளுப்புத்தூள் கலந்த நீரோ எச்செடிக்கும் ஆகாது.

நான்காவது, காலமும் நிழலும். நண்பகலில் ஊற்றும் நீரிற் பெரும்பகுதி வேருக்கன்றிக் கதிரவனுக்கே செல்லும். ஆதலின் பொழுது புலருமுன்னும் பொழுது சாய்ந்த பின்னுமே நீர் விட்டோம். நாள்தோறும் மேலாகத் தெளித்தலினும் சில நாட்களுக்கு ஒருமுறை ஆழ நனைத்தல் நன்று. அப்போதே வேர் கீழ்நோக்கி இறங்கும். இளஞ்செடிகட்கு மேற்குப் புறத்திற் கீற்றுத் தட்டி ஒன்று கட்டினோம்.

இத்துணையும் செய்தோம். செய்தும் எல்லாச் செடிகளும் பிழைத்தில. இதனை மறைத்து, முயன்றால் எல்லாம் கைகூடும் என்று முடிப்பது எமக்கு எளிது, உண்மையாகாது. இருந்த நீர் எத்துணைச் செடிக்குப் போதும் என்று அப்பத்தா கணக்கிட்டார். கீரைப்பாத்தி நாள்தோறும் நீர் வேண்டுவது, அதனை விட்டார். கத்தரி காய்த்து ஓய்ந்தது, அதனை விட்டார். ரோசாச் செடிகள் ஆறனுள் ஒன்றை மட்டும் நிழலிற் பெயர்த்து வைத்து, ஐந்தை விட்டார். தங்கை அழுதாள். அவள் அழுகையை அப்பத்தா தடுத்திலர். அழவேண்டியதற்கு அழுதலில் இழுக்கு என்னை? முருங்கையோ கேளாமலே நின்றது. அம்மரம் எம் அண்டை ஊராகிய பெரியகுளத்துத் தோட்டக்கலை ஆராய்ச்சியாளர் 1989 ஆம் ஆண்டில் வெளியிட்ட பி.கே.எம்.-1 என்னும் வகையினது. வறண்ட நிலத்துக்கு வாய்த்த அம்மரத்தின் கீரையும் காயுமே அக்கோடையில் எம் உணவிற் பெரும்பங்கு.

எலுமிச்சையைப் பற்றி எம் வீட்டில் வழக்கு எழுந்தது. இரண்டாண்டாக அது காய்த்திலது. கோடையிலோ பாதி இலையை உதிர்த்துவிட்டது. காயாத மரத்துக்கு இரண்டு பானை நீர் தகுமோ என்று எம் தந்தையார் கேட்டார். எம் திருமறையில், கனியாத அத்திமரத்தை வெட்டிவிடக் கூறிய தலைவனிடம், இன்னும் ஓராண்டு பொறுக்குமாறு தோட்டக்காரன் மன்றாடிய உவமை ஒன்றுண்டு. அப்பத்தா அதனை நினைவூட்டினார். நினைவூட்டியதோடு, அத்தோட்டக்காரன் வெறுமனே பொறுக்கச் சொல்லாமல், தான் சுற்றிலும் கொத்தி எருவிடுவதாகவும் சொன்னான் என்பதனையும் எடுத்துக்காட்டினார். பரிவு கூறுவோன் உழைப்பும் உடன் தரல்வேண்டும். யாம் அன்று குடிநீரைக் கவிழ்த்தபோது பரிவு எம்முடையதாயிருந்தது. உழைப்போ எம் அன்னையாருடையது. எம் பிழை அதுவே என்று அன்று விளங்கியது.

“இத்துணைச் சிறு தோட்டத்தால் நாட்டுக்கு வருவது யாது? இரண்டு குடம் கழுநீரை மிச்சம் பிடித்தால் வைகை நிறைந்துவிடுமோ?” என்று நண்பர் சிலர் வினவக்கூடும். நிறையாது. அதனை யாம் ஒப்புகின்றோம். அணை நிறைதலும் வறளுதலும் மழையையும், அரசின் நீர்ப்பங்கீட்டையும் பொறுத்தன. வாளியைப் பொறுத்தன அல்ல. தெருவுக்கு ஒழுங்காக நீர் தருதல் உரியோர் கடன். அக்கடனை மக்கள் கேட்டுப் பெறவும் வேண்டும். ஆயினும் எம் வீட்டுக் குழாயிற் சொட்டும் நீர் எவ்வாறு எம்மை வந்தடைகின்றது என்று சிறிது எண்ணிப் பாருங்கள்.

மேற்கு நோக்கி ஓடிக் கடலில் விழுந்த பெரியாற்று நீரை, பென்னிகுயிக் என்னும் பொறியாளர் மலைநடுவே அணை கட்டித் தேக்க, மலையைக் குடைந்த வழியே அது 1895 ஆம் ஆண்டு முதல் கிழக்கே திரும்பிக் கம்பம் பள்ளத்தாக்கின் வழியாக வைகையோடு கலக்கின்றது. அவ்வணை கட்டும் பணியிற் காய்ச்சலாலும் பிறவற்றாலும் மாண்டோர் பலர். பின்னர் வைகை அணை எழுந்தபோது அதன் நீர்ப்பரப்பில் ஊர்கள் மூழ்கின. அவ்வாறு இடம்பெயர்ந்த மக்களின் துயரையே கவிஞர் வைரமுத்து கள்ளிக்காட்டு இதிகாசம் என்னும் புதினமாக்கினார். அது 2003 ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. அப்பத்தா பிறந்த ஊரும் மூழ்கிய சிற்றூர்களுள் ஒன்று. அப்போது அவர் ஏழு வயதுச் சிறுமி. தம் வீட்டு முற்றத்தில் நின்ற கறிவேப்பிலையின் கன்று ஒன்றைத் தாயார் ஈரத்துணியிற் சுற்றி எடுத்துவந்ததாகக் கூறுவார். இன்று எம் கொல்லையில் நிற்பது அதன் வழிவந்தது. நிலத்தை நீருக்குக் கொடுத்தவர், அந்நீரில் ஒரு துளியையும் வீணாக்க மனம் ஒப்பாமையில் வியப்பில்லை; ஒரு செடியையும் எளிதிற் சாகவிட மனம் ஒப்பாமையிலும் வியப்பில்லை.

ஆகலின் எம் கருத்து இது. வறண்ட கோடையில் வீட்டுத் தோட்டத்தைக் கைவிடுதல் வேண்டுவதன்று. பிறர் வாய்க்குரிய நீரால் அதனை வளர்த்தலும் அறமன்று. குடிநீரில் ஒரு துளியும் செடிக்குச் செல்லலாகாது. பயன்பட்ட நீரில் செடிக்கு ஏற்ற ஒரு துளியும் சாக்கடைக்குச் செல்லலாகாது. இவ்விரண்டையும் ஒருங்கே காத்தும் எத்துணைச் செடி பிழைக்குமோ, அத்துணையே அக்கோடைக்கு நம் தோட்டம். எஞ்சியவற்றை விட்டு, மழைக்காலத்தில் மீண்டும் விதைப்போம். ஆடிப்பட்டம் ஆண்டுதோறும் வரும்.

இறுதியாக நம் கல்லூரியை நோக்கி ஒரு விண்ணப்பம். விடுதி உணவுக்கூடத்தில் நாள்தோறும் மூன்று வேளையும் நூற்றுக்கணக்கானோர் கை கழுவுகின்றோம். காய்கறியும் அரிசியும் கழுவும் நீர் மலையளவு ஓடுகின்றது. அவை யாவும் கண்காணாத குழாயிற் போகின்றன. நண்பகலிலோ முற்றத்துப் புல்லுக்கு நன்னீர் பீறிட்டுத் தெளிக்கின்றது. அந்நீரை இரண்டு வாழைப்பாத்திகளுக்குத் திருப்புதல் அரிய செயலன்று. மண்வெட்டி பிடிக்க யாம் அணியமாயிருக்கின்றோம். விடுதித் தோழர் சிலரும் இசைந்துள்ளனர். விடுதிக் காப்பாளர் இசைவு தருவாராயின் வரும் கோடைக்கு முன்னரே தொடங்கலாம்.

யாம் கல்லூரிக்குத் திரும்பிய ஞான்று எலுமிச்சை உயிரோடு உளதோ இலதோ என்பது தெளியவில்லை. நகத்தாற் கீறிப் பார்த்தபோது பட்டையின் கீழ்ச் சிறிது பசுமை இருந்தது, அவ்வளவே. சென்ற வாரம் தங்கை தொலைபேசியிற் பேசினாள். மரம் தளிர்த்திருக்கின்றதாம். காய்க்குமோ என்று கேட்டோம். அதற்கு இன்னும் ஒரு கோடை பொறுக்கவேண்டும் என்று அப்பத்தா சொல்லச் சொன்னாராம். எதிர்வீட்டு அக்காவும் தம் அடுக்களையில் ஒரு வாளி வைத்து, முருங்கைப் போத்து ஒன்றை நட்டிருக்கின்றார் என்பதும் அவள் கூறிய செய்தி.